ஏரிக்கரை இல்லாத ஊரில் ஏரிக்கரைப் பாட்டு

மலேசியத் தமிழர்கள் எழுதும் 'கிராமியப் பாடல்'களில் மொத்தம் எத்தனை ஏரிக்கரைகள் வருகின்றன என்று யாராவது ஒருநாள் உட்கார்ந்து எண்ண வேண்டும். கூடவே வயல் வரப்பு, ஜல்லிக்கட்டுக் காளை, கண்டாங்கிச் சேலை, ஆலமரத்தடிப் பஞ்சாயத்து எல்லாவற்றையும் எண்ணிவிடலாம். எழுதியவர் பூச்சோங்கில் பதினோராவது மாடியில் குடியிருப்பார். பாடியவர் செந்தூலில் பிறந்து வளர்ந்தவர். காணொளி எடுக்க மட்டும் செகிஞ்சானுக்கு வண்டி எடுத்துக்கொண்டு போவார்கள். அங்கே யாரோ ஒருவருடைய நெல்வயலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று மாமன் மகளைக் கூப்பிடுவார்கள். கீழே பத்துப் பேர் 'மண்வாசனை' என்று எழுதியிருப்பார்கள். எந்த மண்ணுங்க என்று கேட்கத்தான் எனக்கு வாய் ஊறுகிறது.

இது நாட்டுப்புறப் பாடல் இல்லை. 1977-இல் '16 வயதினிலே' வந்தபோது பாரதிராஜா கேமராவை ஸ்டூடியோவிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டு நிஜமான கிராமத்துக்குப் போனார். அது பெரிய காரியம். அதற்குப் பிறகு வந்தவர்கள் அந்தக் கிராமத்தைப் பார்த்து ஒரு கிராமம் செய்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர் செய்தார்கள். நாம் கடைசி வரிசையில் நின்று, நகலின் நகலை இங்கே இறக்குமதி செய்து, அதற்குப் 'பாரம்பரியம்' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

தோட்டத்தில் இருந்த நம் பாட்டிகள் இப்படிச் செய்யவில்லை. முத்தம்மாள் பழனிசாமியின் 'நாட்டுப்புறப் பாடல்களில் என் பயணம்' நூலைப் படித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஊரிலிருந்து வரும்போது அவர்கள் மெட்டைக் கொண்டுவந்தார்கள். தாலாட்டு மெட்டு, ஒப்பாரி மெட்டு, கும்மி மெட்டு. ஆனால் இங்கே இறங்கியதும் அந்த மெட்டுக்குள் கங்காணி வந்தான், துரை வந்தான், கிராணி வந்தான், விடியற்காலைப் பெரட்டு வந்தது, கித்தா மரமும் மங்கும் வாளியும் வந்தன. 'நிலம்சார் அழகியல்' என்று யாரும் அவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை. எதிரே எது நின்றதோ அதைப் பாடினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இயல்பாகச் செய்த ஒன்றை, பட்டம் வாங்கிய பேரப்பிள்ளைகள் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம். அவர்கள் பழைய மெட்டில் புதிய ஊரைப் பாடினார்கள். நாம் புதிய மெட்டில், பார்த்தே இராத ஊரைப் பாடுகிறோம்.

நான் பாடல் எழுதுகிறேன். அதைத் தொழிலாகச் செய்யவில்லை. ஒரு கிட்டார், ஒரு நோட்டுப் புத்தகம், கேட்க வந்தால் இருபது பேர். என் பாடல்களைப் பற்றிப் பேச இங்கே ஒன்றும் இல்லை. எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களைப் பற்றித்தான் பேச வேண்டும். அவர்களில் ஒருவர் ஊர்ப்பெயரால் காப்பாற்றப்பட்டவர்.

மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்று ஒரு கறுப்பினப் பாடகர். பண்ணை வேலை செய்தவர். 1928-இல் சில பாடல்களைப் பதிவு செய்தார். இசைத்தட்டு விற்கவில்லை. அவர் திரும்ப வயலுக்குப் போய்விட்டார். முப்பத்தைந்து வருடம் அவரைத் தேட யாரும் இல்லை. இதற்கிடையில் பழைய இசைத்தட்டுகளைச் சேகரிக்கும் இளைஞர்கள் அந்தப் பாட்டுகளைத் தோண்டி எடுத்துக் கேட்கத் தொடங்கினார்கள். ஆள் இருக்கிறாரா செத்தாரா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு பாட்டில் அவர் தன் ஊர் அவலான் என்று சொல்லியிருந்தார். அதை வைத்துக்கொண்டு ஒருவர் பழைய வரைபடத்தைத் தேடி, மிசிசிப்பியில் அந்தக் குக்கிராமத்தைக் கண்டுபிடித்து, 1963-இல் நேரே போய்க் கதவைத் தட்டினார். ஹர்ட் அங்கேயே இருந்தார். அதே வருடம் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் பாடினார். இன்னும் மூன்று வருடம்தான் உயிரோடு இருந்தார். ஆனால் அந்த மூன்று வருடத்தில் அவர் வாசித்துக் காட்டியதைத்தான் உலகம் முழுக்க விரலால் கிட்டார் மீட்டுகிறவர்கள் இன்றுவரை படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நாற்பது வருடம் கழித்து யாராவது நம்மைத் தேடி வந்தால் எந்த ஏரிக்கரைக்கு வருவார்?

என் மனசுக்கு இன்னும் நெருக்கமானவர் எலிசபெத் காட்டன். வட கரோலினாவில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் வளர்ந்த பெண். பதினோரு பன்னிரண்டு வயதிலேயே வீட்டு வேலைக்குப் போய், சேர்த்த காசில் 3 டாலர் 75 சென்டுக்கு ஒரு கிட்டார் வாங்கினார். இடதுகைப் பழக்கம் உள்ளவர். கிட்டாரோ வலதுகைக்காரர்களுக்குச் செய்தது. தந்திகளைக் கழற்றி மாற்றிக் கட்டலாம் என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அதனால் கிட்டாரை அப்படியே தலைகீழாகப் பிடித்து வாசித்தார். மற்றவர்கள் கட்டைவிரலால் கீழ்ச்சுருதித் தந்திகளையும் மற்ற விரல்களால் மெட்டையும் மீட்டுவார்கள். இவருக்கு எல்லாம் மாறிப்போனது. விரல்கள் கீழ்ச்சுருதியைத் தட்ட, கட்டைவிரல் மெட்டைப் பாடியது. முறையாகக் கற்ற யாரும் 'தப்பு' என்று சொல்லக்கூடிய அந்தப் பிடியிலிருந்துதான் இன்று அவர் பெயரிலேயே வழங்கும் வாசிப்பு முறை வந்தது. அந்தச் சிறு வயதில், வீட்டைத் தாண்டிப் போகும் சரக்கு ரயிலைப் பற்றி ஒரு பாட்டு கட்டினார். அதைத்தான் இன்றைக்கு உலகம் 'ஃபிரைட் டிரெயின்' என்று அறிகிறது.

பிறகு கல்யாணம், குழந்தை, வேலை. தேவாலயத்தில் 'உலகப் பாட்டெல்லாம் வேண்டாம்' என்றார்கள். கிட்டாரை வைத்துவிட்டார். பல பத்தாண்டுகள் தொடவே இல்லை. பின்னால் வாஷிங்டனில் ஒரு பல்பொருள் அங்காடியில் வேலை செய்யும்போது, கூட்டத்தில் தொலைந்த ஒரு குழந்தையைத் தாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தக் குடும்பம் சீகர் குடும்பம். அமெரிக்க நாட்டுப்புற இசையைச் சேகரிப்பதையே வாழ்க்கையாக வைத்திருந்தவர்கள். அவர்கள் வீட்டிலேயே வேலைக்குச் சேர்ந்தார். சுவரில் தொங்கிய கிட்டாரை ஒருநாள் எடுத்து வாசிக்கும்போதுதான் வீட்டாருக்கே தெரிந்தது, சமையலறையில் யார் இருக்கிறார் என்று. அந்த வீட்டுப் பையன் மைக் சீகர், இவருடைய வீட்டுக்கே ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுபோய்ப் பதிவு செய்தார். 1958-இல் முதல் இசைத்தட்டு வந்தபோது அவர் அறுபதைத் தாண்டியிருந்தார். தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு, 1985-இல், கிராமி விருது கிடைத்தது.

அந்தப் பதிவைக் கேட்டுப் பாருங்கள். குரல் நடுங்கும். சில இடத்தில் சுருதி லேசாக நழுவும். நம்மூர்த் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் அவர் நின்றிருந்தால் முதல் சுற்றிலேயே, "அம்மா, சுருதி சுத்தமா இல்லையே" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். நமக்கு யாரையாவது போலப் பாடினால்தான் பாட்டு. எஸ்.பி.பி. மாதிரி, சித்ரா மாதிரி, சித் ஸ்ரீராம் மாதிரி. கராவோக்கே நம்முடைய தேசியக் கலைவடிவம் ஆகிவிட்டது. கல்யாண மண்டபத்தில், பிறந்தநாளில், கோயில் திருவிழாவில், மைக்கும் பின்னணி இசைத் தடமும் இருந்தால் போதும். இன்னொருவருடைய குரல் போட்டுவைத்த அச்சுக்குள் நம் குரலை ஊற்றி, அது பிசகாமல் நின்றால் கைதட்டுகிறோம்.

காட்டனின் கதையில் இன்னொரு திருப்பம் உண்டு. வீட்டு வேலைக்காரப் பெண்மணியின் பாட்டை சீகர் வீட்டுப் பெண் பெக்கி இங்கிலாந்துக்குப் போனபோது பாடினார். அங்கே இரண்டு பேர் அதைத் தங்கள் பெயரில் பதிந்துகொண்டார்கள். 1957-இல் அது அங்கே பெரிய வெற்றி. உரிமையை மீட்க வழக்கு, வக்கீல் என்று அலைய வேண்டியிருந்தது. 'மூன்று கார்டுல என்ன பெரிய பாட்டு' என்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். சிறுமி கட்டிய அந்தப் பாட்டை நாற்பது ஐம்பது வருடம் கழித்துக் கடல் தாண்டியும் திருடினார்கள்.

இதைப் பேசினால் உடனே ஒரு பதில் வரும். "கிட்டாரு நம்ம வாத்தியம் இல்லப்பா. வெள்ளக்காரன் வாத்தியத்த வெச்சிக்கிட்டு என்ன தமிழ்ப் பாட்டு?" இதைச் சொல்கிறவர் வீட்டுப் பஜனையில் ஆர்மோனியம் இருக்கும். அவர் ரசிக்கும் கர்நாடகக் கச்சேரியில் வயலின் இருக்கும். ஆர்மோனியமும் வயலினும் என்ன, தஞ்சாவூரில் முளைத்தவையா? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதை நம் இசைக்குள் கொண்டுவந்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டில் ராகம் வாசித்தார். மாண்டலின் சீனிவாசுக்கு வாத்தியமே அடைமொழி ஆகிவிட்டது. கிட்டாருக்கு மட்டும் குடிநுழைவுச் சோதனை.

மாலியின் அலி ஃபர்கா தூரே இந்தக் கேள்விக்குப் பல வருடங்களுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார். நைஜர் நதிக்கரையில் நியாஃபுங்கே என்ற ஊரில் விவசாயம் செய்தவர். சின்ன வயதில் குர்கெல் என்னும் ஒற்றைத் தந்தி வாத்தியத்தை வாசித்தார். கிட்டார் கைக்கு வந்ததும் கிட்டாருக்குரிய முறையைத் தேடிப் போகவில்லை. ஒற்றைத் தந்தியில் வாசித்ததை அப்படியே ஆறு தந்திக்கு மாற்றினார். சோங்காய், ஃபுலானி என்று தன் சுற்றுவட்டார மொழிகளில் பாடினார். உலகப் புகழ் வந்த பிறகும், 1999-இல் வந்த இசைத்தொகுப்புக்கு ஒலிப்பதிவுக்காரர்களைத் தன் ஊருக்கே வரவழைத்தார். தொகுப்புக்கு ஊர்ப்பெயரையே வைத்தார். கடைசிக் காலத்தில் அந்த ஊருக்கு மேயராகவும் இருந்தார். அவர் பாட்டைக் கேட்கும்போது எனக்குக் கிட்டாரே ஞாபகம் வருவதில்லை. தாத்தாக்கள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பேசுவது மாதிரி இருக்கும். உடுக்கையிலும் உறுமியிலும் என்ன தாளம் நடக்கிறது என்று கேட்டு அதைக் கட்டைவிரலுக்குக் கொண்டுவர முடியும் என்ற தைரியம் எனக்கு அவரிடமிருந்துதான் வந்தது. தைப்பூசத்தில் உறுமி மேளம் அடிக்கிற பிள்ளைகள் நம்மிடம் எத்தனை பேர்! கையும் தோலும் நேராகப் பேசும் இசை அது. அந்த அடிக்கு மேல் அவர்கள் பாடுவது மட்டும் பெரும்பாலும் சினிமா மெட்டாக இருக்கிறது என்பது என் வயிற்றெரிச்சல்.

வாத்தியத்தைவிடப் பெரிய சண்டை சொல்லைப் பற்றியது.

சில வருடங்களுக்கு முன்னால் ஓர் உள்ளூர்ப் பாடல் போட்டியில் ஒரு பாட்டுப் பாடினேன். கையுறைத் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் போகும் ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. என் அம்மாதான். பாட்டி பால்மரம் வெட்டினார். அம்மா ரப்பர் கையுறைகளை அச்சிலிருந்து உரித்துக்கொண்டிருந்தார். இதைவிடச் சுருக்கமாக இந்த நாட்டில் நம் கதையை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நடுவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, பாட்டு நல்லாருக்கு. ஆனா பேக்டரி பஸ், ஓவர்டைம் இதெல்லாம் பாட்டுக்குள்ள வந்தா கவித்துவம் போயிருது பாருங்க. 'ஆலைச் சங்கு'ன்னு மாத்திப் பாருங்களேன்."

அந்தத் தொழிற்சாலையில் சங்கு கிடையாது. கைரேகை வைக்கும் கருவிதான் உண்டு.

அந்த நடுவர் நல்ல மனிதர், என்மேல் பிரியமாகத்தான் சொன்னார். ஆனால் 'கவித்துவம்' என்று அவர் எதைச் சொல்கிறார்? சினிமாப் பாட்டில் ஏற்கெனவே வந்துபோன சொல்லைத்தான் சொல்கிறார். ஏற்கெனவே யாரோ பாடிவைத்த சொல் மட்டும்தான் பாடத் தகுந்தது என்றால் நம் அம்மாக்கள் எந்தக் காலத்திலும் பாட்டுக்குள் வரப்போவதில்லை. ஏனென்றால் கோடம்பாக்கத்தில் யாரும் அவர்களைப் பற்றி எழுதப்போவதில்லை. அது கோடம்பாக்கத்தின் வேலையும் இல்லை.

1981-இல் இந்தோனேசியாவில் இவான் ஃபால்ஸ் 'ஓமார் பாக்ரி' என்ற ஒரு பள்ளி ஆசிரியரைப் பற்றிப் பாடினார். பழைய சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும், நாற்பது வருடம் வேலை பார்த்தும் சம்பளம் காணாத வாத்தியார். தெருவில் கிட்டார் வாசித்துப் பாடிப் பழகிய குரல், ஜாலான் ஓரத்து மொழி, கேலி, கோபம். சுகார்த்தோ ஆட்சியில் அவருடைய நிகழ்ச்சிகள் ரத்தானதும் அவர் விசாரணைக்கு இழுக்கப்பட்டதும் நடந்தன. இன்றைக்கும் இந்தோனேசியாவில் குறைந்த சம்பள ஆசிரியருக்கு ஓமார் பாக்ரி என்றே பெயர். நம் தமிழ்ப்பள்ளி வாத்தியார்களை நினைத்துப் பாருங்கள். தோட்டத்து ஒற்றை வகுப்பறையில் நாலு வகுப்புக்கும் ஒரே ஆளாகப் பாடம் சொன்னவர்கள். அவர்களுக்கு நாம் ஆசிரியர் தினத்தன்று 'ஏணி', 'மெழுகுவர்த்தி' என்று பாடிக் கைகழுவிவிடுகிறோம். ஏணிக்கு முதுகு வலிக்குமா?

தமிழில் பாட்டெழுதுகிறவர்கள் சந்திக்கும் இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும். தத்தகாரத்துக்குச் சொல்லை நிரப்ப வேண்டும். மெட்டு நீண்ட இடத்தில் குறில் விழுந்தால் அது நெடிலாகிவிடும். 'விடு' என்று கெஞ்ச வேண்டிய இடத்தில் 'வீடு' என்று காதில் விழும். தேர்ந்த கைகள் அதைச் சமாளிக்கும். மற்றவர்கள் நெடிலாகத் தேடித் தேடிப் பொறுக்குவார்கள். வானே, தேனே, மானே எல்லாம் இப்படித்தான் குவிகின்றன. இவற்றில் பாதி காதலால் வரவில்லை, நெடில் பற்றாக்குறையால் வந்தவை. சொல்லிலிருந்து தொடங்கினால் இந்த வம்பு இல்லை. "சாப்பிட்டியா" என்று அம்மா கேட்கும்போதே அதில் ஓர் ஏற்றம் இறக்கம் இருக்கிறது. அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்து, கிட்டாரில் தடவினால் மெட்டின் முதல் அடி கிடைத்துவிடும். நாட்டுப்புறப் பாட்டுக்காரர்கள் எல்லோரும் பேச்சை மெதுவாகச் சாய்த்துத்தான் பாட்டாக்கியிருக்கிறார்கள். மலேசியத் தமிழ்ப் பேச்சுக்கு என்று ஒரு சாய்வு இருக்கிறது. "பசியாறியாச்சா" என்பதை மதுரைக்காரர் நம்மைப் போல இழுத்துச் சொல்ல மாட்டார். அந்த இழுப்பில் ஒரு மெட்டு கிடக்கிறது. எடுக்கத்தான் ஆள் இல்லை.

எடுத்தவர்கள் யார் என்று கேட்டால், ராப் பாடுகிறவர்கள். முகம் சுளிக்காதீர்கள். 2006-இல் யோகி பி – நட்சத்திரா 'வல்லவன்' வெளியிட்டபோது, இந்த ஊர்ப் பிள்ளைகள் இந்த ஊர்த் தெனாவெட்டோடு தமிழில் பேசி, அதைத் தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்தார்கள். நம்மில் நாட்டுப்புறப் பாடகர்கள் என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால், கண்டாங்கிக்காரர்களைவிட அவர்களைத்தான் சொல்வேன். அதிலும் ஒரு உறுத்தல் உண்டு. அவர்களைக் கொண்டாடவைத்த 'மடை திறந்து' 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்துப் பாட்டின் தோள்மேல் நிற்கிறது. நம் ஆகப் புதிய குரலுக்கும் வாசல் திறந்துவிட ஒரு சினிமாப் பாட்டு தேவைப்பட்டது.

இளையராஜாவை நான் எதிரியாக நிறுத்தவில்லை. அப்படி நிறுத்துகிறவனுக்குக் காது இல்லை. ஆனால் அவர் எங்கிருந்து வந்தார் என்பதை அவருடைய ரசிகர்களே மறந்துவிட்டார்கள். பாவலர் வரதராஜன் என்ற அண்ணன், கம்யூனிஸ்டுக் கட்சி மேடைகளுக்காக ஊர் ஊராகப் பாட்டுக் கட்டிப் பாடிய மனிதர். தம்பிகள் ஆர்மோனியத்தோடு பின்னால் போனார்கள். தெருமுனை, கையில் கிடைத்த வாத்தியம், கேட்கிறவன் பிரச்சினை. உட்ரோ கத்ரி அமெரிக்காவில் செய்ததற்கும் பாவலர் மதுரைச் சீமையில் செய்ததற்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். சென்னைக்கு வந்த பிறகு நடந்ததை மட்டும் நாம் நகல் எடுக்கிறோம். அதற்கு முன்னால் நடந்த தெருப்பாட்டைக் கண்டுகொள்வதில்லை. கே.ஏ. குணசேகரனையும் இப்படித்தான் தவறவிட்டோம். சிவகங்கைச் சீமையிலிருந்து வந்த ஆய்வாளர், பாடகர். இன்குலாபின் 'மனுசங்கடா' அவர் குரலில் தமிழ்நாட்டுத் தெருவெல்லாம் போனது. அவருடைய தன்வரலாறு 'வடு'வைப் படித்த நம்மூர் இலக்கிய நண்பர்கள் உண்டு. அவர் பாடிக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

இதை இந்த இதழின் வாசகர்களிடமே கேட்கிறேன். போர்ஹெஸ் படிக்கிறீர்கள், போலான்யோ படிக்கிறீர்கள். வெகுஜன நாவலைக் கையால் தொட மாட்டீர்கள். சினிமாத்தனமான சிறுகதை வந்தால் கிழித்துத் தோரணம் கட்டுகிறீர்கள். சரிதான். ஆனால் காரில் ஏறியதும் என்ன ஓடுகிறது? இலக்கியத்தில் இவ்வளவு கறாராக இருக்கிறவர்கள் பாட்டு என்று வந்ததும் பொழுதுபோக்கு போதும் என்று கைகட்டி நிற்கிறீர்கள். புதுக்கவிதை எழுதுகிற ஒருவரிடம் பாட்டு எழுதித் தரச் சொன்னால், தரம் தாழச் சொன்னது மாதிரி பார்க்கிறார்.

சிங்கப்பூரில் எண்பதுகளில் சீன மாணவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். தைவான், ஹாங்காங் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் தொடக்கக் கல்லூரி வளாகங்களில் கிட்டாரோடு உட்கார்ந்து, தங்கள் ஊரைப் பற்றித் தாங்களே எழுதிப் பாடினார்கள். ஷின்யாவ் என்று அந்த இயக்கத்துக்கே பெயர் வந்தது. அதில் முக்கியமானவர் லியாங் வென் ஃபூ. எழுத்தாளர், தமிழ்ப் பத்திரிகையில் இருந்தால் நம் இதழ்களில் எழுதியிருக்கக்கூடிய ஆள். 1990-இல் அவர் எழுதிய ஒரு பாட்டில் கான்டனீஸ் வட்டார மொழி கலந்திருந்தது. மாண்டரின் மட்டுமே பேச வேண்டும் என்ற கொள்கைக் காலம். வானொலியில் ஒலிபரப்பத் தடை. 2013-இல்தான் தடை நீங்கியது. பாட்டி பேசிய மொழி பாட்டுக்குள் வந்ததற்காக இருபது வருடத்துக்கு மேல் காத்திருந்த பாட்டு அது. இந்தப் பக்கம் எம். நாசிரும் நண்பர்களும் 'கெம்பாரா' குழுவாக 1981-இல் கிட்டாரோடு வந்தார்கள். அவர்களுடைய ஒரு பாட்டின் பெயர் 'எக்ஸ்பிரஸ் ரக்யாட்'. நிஜமாகவே ஓடிய ரயிலின் பெயர். அந்தத் தண்டவாளத்தைப் போட்டவர்களிலும் காத்தவர்களிலும் எத்தனை பேர் தமிழர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ரயிலைப் பற்றிய பாட்டு மலாயில் இருக்கிறது. எனக்கு மலாய்ப் பாட்டு பிடிக்கும், பொறாமையோடுதான் பிடிக்கும்.

ரயில் என்றதும் இன்னொரு ரயிலைச் சொல்லாமல் விட முடியவில்லை.

1948 ஜனவரியில் கலிபோர்னியாவில் லாஸ் காட்டோஸ் பள்ளத்தாக்கில் ஒரு விமானம் விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். அதில் 28 பேர் மெக்சிகோ பண்ணைத் தொழிலாளர்கள், திருப்பி அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தவர்கள். செய்தியில் விமானி உட்பட நான்கு அமெரிக்கர்களுக்குப் பெயர் இருந்தது. மற்றவர்கள் 'நாடு கடத்தப்படுவோர்' என்ற ஒரே சொல்லில் முடிந்துபோனார்கள். இதைக் கேட்ட உட்ரோ கத்ரி ஆத்திரத்தில் ஒரு பாட்டெழுதினார். பெயர் தெரியாததால் சில ஸ்பானியப் பெயர்களைத் தானே வைத்து அவர்களுக்கு விடைகொடுத்தார். பத்து வருடம் கழித்து மார்ட்டின் ஹாஃப்மன் என்ற பள்ளி ஆசிரியர் அதற்கு மெட்டுப் போட்டார். பாட்டு ஊர் ஊராக நடந்தது. கேட்டவர்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: அப்போ அவங்க பேரு என்ன? கடைசியில் 2013-இல், ஃபிரெஸ்னோவில் அவர்களைப் புதைத்த பொதுக்குழியின் மேல் 28 பெயர்களும் பொறித்த கல் வைக்கப்பட்டது. அறுபத்தைந்து வருடம் அந்தக் கேள்வியை உயிரோடு வைத்திருந்தது செய்தித்தாள் இல்லை, அந்தப் பாட்டு.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஏறக்குறைய 7,000 கல்லறைகள், வெட்டிவிட்ட புல், பெயர், வயது, படைப்பிரிவு. அதே 415 கிலோமீட்டர் பாதைக்காக 1942, 43-இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏற்றிக்கொண்டு போகப்பட்ட நம் ஆட்களுக்கு அப்படி ஒரு தோட்டம் இல்லை. பொதுக்குழி, காடு, ஆறு. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். நாவல்கள் தங்கள் கடமையைச் செய்தன. பாட்டு? சின்ன வயதிலிருந்து இன்றுவரை எந்தக் கல்யாண வீட்டிலும் எந்த வானொலியிலும் நான் அப்படி ஒரு பாட்டைக் கேட்டதில்லை. என் கொள்ளுப்பாட்டியின் தம்பி அங்கே போனவர். வீட்டில் அவருக்குப் படையல் வைக்கும்போது பாட்டி ஓர் ஒப்பாரி பாடுவார் என்று அம்மா சொல்வார். மெட்டு கொஞ்சம் ஞாபகம் இருக்கிறதாம். வரிகள் போய்விட்டன.

2021-இல் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்து உலகமே ஆடியபோது நம்மவர்களும் ஆடினார்கள், டிக்டாக் போட்டார்கள். அறிவு அந்தப் பாட்டுக்குப் போய்க் கைநீட்டியது தன் பாட்டி வள்ளியம்மாளிடம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். நம் பாட்டிகள் ஏறிய கப்பல் வேறு துறைமுகத்துக்குப் போனது, அவ்வளவுதான். அவர் தன் பாட்டியின் ஒப்பாரியைக் கேட்டார். நாம் அவர் பாட்டைக் கேட்டோம். நம் பாட்டியிடம் நாம் இன்னும் கேட்கவில்லை. எண்பது, தொண்ணூறு வயதில் முதியோர் இல்லங்களிலும் அடுக்குமாடிகளின் பின்னறைகளிலும் இருக்கிறார்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்த எவ்வளவு நேரம் ஆகும்? மைக் சீகர் தூக்கிக்கொண்டு போன கருவி ஒரு பெட்டி கனம் இருந்தது.

மானியம், மேடை, ஸ்டூடியோ இல்லாமல் எப்படி என்று கேட்கிறவர்கள் மேலே சொன்னவர்களின் வாழ்க்கையை ஒருதரம் திரும்பப் படித்துக்கொள்ளட்டும். எனக்கு அந்தப் பேச்சில் சலிப்பு வந்துவிட்டது.

நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கிள்ளானில் ஒரு கடையின் மேல்மாடியில் கூடுகிறோம். ஆளுக்கு ஒரு சொந்தப் பாட்டு. விதி ஒன்றே ஒன்றுதான், ஏரிக்கரை வரக்கூடாது. போன மாதம் மாசாயிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். விடியற்காலை நாலரைக்கு மோட்டாரில் கிளம்பி, பாலத்தில் ஆயிரம் மோட்டார்களோடு நின்று நின்று சிங்கப்பூர் வேலைக்குப் போவதைப் பற்றிய பாட்டு. மூன்று கார்டு. ஹெல்மெட்டுக்குள் அழுதால் கண்ணாடியில் ஆவி படியும், துடைக்க முடியாது என்று ஓரிடத்தில் வந்தது. கடவுச்சீட்டு என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'பாஸ்போட்டு' என்றே பாடினாள். நெடில் சரியாக உட்கார்ந்தது. யாரும் திருத்தவில்லை. இன்னொருமுறை பாடு என்றோம்.